சோப்புக் கிண்ணத்தை உள்ளே வைக்கச் சொன்னார்கள்

சொன்ன நேரத்துக்கு முன்பே விருந்தினர்களின் கார்கள் வந்து நின்றுவிட்டன. ரியாக்டரில் பாதி வேலைதான் முடிந்திருந்தது.

எண்ணெய் விலை ஏறிய எழுபதுகள் அவை. பிரெஞ்சு பேசும் ஊரான சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு கொட்டகையில் மக்காச்சோளத் தக்கையிலிருந்து எரிவாயு எடுத்துக்கொண்டிருந்தோம். தக்கையை ரியாக்டர் என்ற கலத்தில் காற்றுப் படாமல் மூடிச் சூடாக்கினால் அது எரியாது. சிதைந்து வாயுவாகவும் தாராகவும் கரியாகவும் பிரியும். அதுதான் பைராலிசிஸ். தாரை நீக்கிய வாயுவைக் கொட்டகைக்கு வெளியே ஒரு குழாயின் நுனியில் கொளுத்திக் காட்டுவோம்.

கொளுத்தும் முன் செய்யவேண்டியவை:

1. நைட்ரஜனை விட்டு உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுவது.
2. முதலில் வரும் வாயுவைக் கொளுத்தாமல் போகவிடுவது.
3. குழாயிலிருந்து ஒரு ரப்பர் டியூபைச் சோப்புத் தண்ணீரில் விட்டு, எழும் குமிழை நீளக் கரண்டியில் அள்ளி, தள்ளிக் கொண்டுபோய் நெருப்புக் காட்டுவது. அமைதியாக எரிந்தால் சரி. வெடித்தால் உள்ளே காற்று கலந்திருக்கிறது. அப்போது குழாயில் தீ வைத்தால் அது பின்னோக்கி ஓடி ரியாக்டரையே பிளந்துவிடும்.

டார்ச் எனும் தீப்பந்தத்தை நான் கொடுக்க, வாங்கித் தீ வைப்பவர் எங்கள் ஃபிட்டர் மார்செல். குழாய்க்கு மிக அருகில் நிற்பவரும் அவர்தான்.

அன்று தலைமை என்ஜினியர் வரதராஜன் நைட்ரஜனைப் பாதியில் நிறுத்தச் சொன்னார். விருந்தினர்கள் பனியில் நிற்கிறார்களாம், திட்டம் தொடர்வது அவர்கள் கையில் இருக்கிறதாம். நான் சோப்புக் கிண்ணத்தை எடுத்ததும், சிரித்த முகம் மாறாமல் தமிழில் சொன்னார்:

"குழந்தை விளையாட்டெல்லாம் இப்ப வேணாம்மா. கிண்ணத்தை உள்ள வை."

"காத்து முழுசா போகலை சார். டெஸ்ட் பண்ணாம மார்செல்கிட்ட டார்ச்சைக் கொடுக்க மாட்டேன்."

"இவ்வளவு பயம்னா வீட்டுல சமைச்சுக்கிட்டு இருந்திருக்கலாமே. யாரு உன்னை வரச் சொன்னா?"

மார்செலுக்குத் தமிழ் தெரியாது. தன் உயிரைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று அறியாமல், டார்ச்சை வாங்கக் கை நீட்டினார். எனக்குக் கோபம் வந்தது. டார்ச்சை வரதராஜன் பக்கம் திருப்பினேன்.

"அப்ப நீங்களே பத்த வைங்க சார்."

கோட்டுப் பையிலிருந்து அவர் கையை எடுக்கவேயில்லை. குழாயைப் பார்த்தார்.

"சரி, சீக்கிரம் பண்ணித் தொலை."

குமிழ் துப்பாக்கி சுட்டதுபோல வெடித்தது. மார்செல் கரண்டியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், மெல்லப் பின்னால் நகர்ந்தார். விருந்தினர்கள் அதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கை தட்டினார்கள். வரதராஜன் அவர்களிடம் ஆங்கிலத்தில், இந்தச் சோதனை செய்யாமல் இங்கே யாரும் தீக்குச்சி கிழிக்க முடியாது, இது தாமே போட்ட விதி என்று விளக்கினார். ஒரு வார்த்தை தடுமாறவில்லை.

மீண்டும் நைட்ரஜன் விட்டோம். அடுத்த குமிழ் அமைதியாக எரிந்தது. மார்செல் கொளுத்தினார்; நல்ல சுடர்.

வெளியார் முன் மேலதிகாரியை அவமதித்தேன் என்று மறுநாளே என்னைத் தக்கை உலர்த்தும் வேலைக்கு மாற்றினார்கள். ஏன் என்று மார்செல் கேட்டார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் முழுவதையும் சொன்னேன். அன்று முழுக்க அவர் வரதராஜனின் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லவில்லை. நடக்காத விபத்துக்கு யாரும் விசாரணை வைப்பதில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

கோடைக்கால வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். அவசரப்படுத்துகிறவரிடம் வாதாடாதீர்கள், டார்ச்சை அவர் கையில் கொடுங்கள். வாங்க மறுத்தால், போய் நைட்ரஜன் வால்வைத் திறந்துவிடுங்கள்.