முன்காரில் போன புட்டு

இலையுதிர்கால மலைமரங்களைப் பார்க்க மெல்போர்னிலிருந்து இரண்டு கார்களில் போனோம். பயண ஒழுங்குகளெல்லாம் ஓய்வுபெற்றிருந்த என் பொறுப்பு: மனைவியரும் மதியப் புட்டும் முன்காரில், நானும், காரோட்டிய நண்பர் சேவியரும் பின்னால். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுவதே முறை என்று, நீரிழிவுக்காரரான அவரை வழியிலேயே காரை நிறுத்திப் போடவைத்தேன்.

முன்காரோ ஏதோ சிவப்பு மரத்தடியில் படமெடுக்க, எங்கள் கண்ணில் படாமல் ஒதுங்கிவிட்டது. மலையில் கைபேசிக்கும் சிக்னல் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் புட்டைத் தேடினேன். ஊசி போட்டும் சாப்பிடாததால் சீனி இறங்கி, சேவியருக்குக் கை நடுங்கியது, நெற்றி வியர்த்தது.

“காரை ஓரங்கட்டும்.”

“எனக்கு ஒண்டுமில்லை, ஐசே.”

அதட்டித்தான் நிறுத்தினேன். காருக்குள் இனிப்பைத் தடைசெய்தவனும் நானே. அவரோ இருக்கைக்கடியில் ஒளித்து வைத்திருந்த ரொபி மிட்டாய்களை எடுத்துச் சாப்பிட்டார். மெல்ல நடுக்கம் அடங்கியது.

“என்ர மனிசிக்குச் சொல்லிப்போடாதையும்.”

இப்போதெல்லாம் சாப்பாடு மடிக்கு வந்த பிறகே ஊசி. இருக்கைக்கடியை நான் சோதிப்பதில்லை.