பதினெட்டு மணித்தியாலம்

பெரியகல்லாற்றுக் கலியாணத் தரகர் வினாயகமூர்த்தி விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி, ஏறியதில்லை. ஆனால் அவர் பேசிமுடித்த சோடிகளில் பெரும்பாலானோர் வெளிநாட்டில் இருந்தார்கள். முன்பெல்லாம் தாய்வழிக் குடியும் சாதகமும் பார்த்தால் போதும். இப்போது எந்த விமான நிலையத்துக்கும் எந்த விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதையும் கைப்பேசியில் தேடிவைக்க வேண்டியிருந்தது.

அப்படித்தான் மெல்பேணில் இருந்த லக்ஷனுக்கு, ஒஸ்லோவில் தாதியாக வேலை பார்த்த தனுஷியாவைப் பேசினார். மாப்பிள்ளை வீடு பெரியகல்லாறு, பெண் வீடு வெல்லாவெளி. நடுவில் வாவி மட்டும்தான். பெற்றோருக்குப் பரம திருப்தி. பெண்தான் பிடிகொடுக்கவில்லை.

“மாமா, எனக்கும் அவருக்கும் எவ்வளவு தூரம் எண்டு தெரியுமா?” என்று தொலைபேசியில் கேட்டாள்.

“பதினாறாயிரம் கிலோமீற்றர் மகள். விமானம் போற வேகத்துக்குப் பதினெட்டு மணித்தியாலம். ஒரு நித்திரை போட்டு எழும்பினா மெல்பேண்.”

“அது நேர்கோட்டுக் கணக்கு. நேரா போற விமானமே இல்ல. இடையில இறங்கி, காத்திருந்து, மாறிப் போகணும். ஒரு நாளைக்கு மேல போகும்.”

“இறங்கினா நல்லதுதானே. காலக் கைய நீட்டலாம்.”

அவள் அதற்கு மேல் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, லக்ஷனுடனேயே பேசினாள். இருவரும் விடுப்பெடுத்து, இடைவழியில், டோஹா விமான நிலையத்தில் சந்தித்துக் கோப்பி குடித்தார்கள். பிடித்துப்போயிற்று. ‘டோஹா என்ர யோசனை’ என்று வினாயகமூர்த்தி சந்தியெல்லாம் சொல்லித் திரிந்தார்.

கலியாணம் வெல்லாவெளியில், பெண் வீட்டில். உலகத்தின் இரண்டு மூலையிலிருந்தும் மாப்பிள்ளையும் பெண்ணும் நேரத்தோடு வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முதல்நாளே அக்கரை போய்விட்டார்கள். தரகர் மட்டும் வேட்டியை மடிப்புக் கலையாமல் உடுத்திக்கொண்டு, கலியாணத்தன்று காலையில் ‘பாதை’ ஏறினார். ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைக்கு அங்கே அதுதான் பெயர். நடு வாவியில் அதன் இயந்திரம் நின்றுபோனது. காற்று மிதவையைச் சுற்றிச் சுற்றித் திருப்பியது. தோணிக்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுக்க வருவதற்குள் முகூர்த்தம் தப்பிவிட்டது.

லக்ஷனின் தாய் அன்னப்பூரணி கைப்பேசியில் அழைத்தாள். “தாலி கட்டியாச்சு. எங்க நிக்கிறீங்க?”

“அந்தா, கரை தெரியுது!”

கரை என்னவோ அவர் ஏறும்போதே தெரிந்தது.

பந்தி ஓய்ந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார். அவரைத் தேடியதாக ஒருவரும் சொல்லவில்லை. சோறு ஆறியிருந்தது.

விடுப்பு முடிந்ததும் மாப்பிள்ளை மெல்பேணுக்கும் பெண் ஒஸ்லோவுக்கும் திரும்பிப் போனார்கள். அவள் மெல்பேண் போவதற்கான விசா இழுபட்டது. மாதங்கள் போயின. ஒருநாள் அன்னப்பூரணி தரகர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

“ரெண்டு பேரும் எப்ப ஒரு வீட்டில இருக்கப் போறாங்க?”

வினாயகமூர்த்தி கைப்பேசியை எடுத்தார். எதைத் தேடுவதென்று விளங்காமல் வைத்துவிட்டார்.

“தெரியா தங்கச்சி.”

திட்டு விழும் என்று பார்த்தார். அவளோ பிளேன்டீயை ஆற அமரக் குடித்து முடித்தாள்.

“என்ர சின்ன மகளுக்கும் ஒரு இடம் பாருங்க,” என்றாள். “நான் நடந்து போய்ப் பாத்திட்டு வாற தூரத்தில.”