கண்டக்டரக்காவின் ஈரப் போர்வை

கீழ்வீட்டுப் பஸ் டிரைவர் வேலை முடிந்து படியேறும் சத்தம் கேட்டால் போதும், கண்டக்டரக்கா பக்கெட்டில் ஊறும் போர்வையைத் தூக்கிப் பால்கனிக் கொடியில் விரித்துவிடுவார். பிழியமாட்டார். சொட்டச் சொட்டத்தான் விரிப்பார். விளிம்பை இழுத்து நீவி, இடுக்கு இல்லாமல் கிளிப் மாட்டுவார். "பிழிஞ்சா காஞ்சிடும். காஞ்சா புகை உள்ள வந்துடும்" என்று எனக்கு விளக்கமும் கொடுப்பார். எங்கள் இரண்டு வீட்டு வாசலும் எதிரெதிர். கதவு திறந்திருந்தால் அவர்கள் பால்கனி வரை தெரியும். நானும் பார்க்காமல் இருக்கிற ஆள் இல்லை.

அவர் பஸ்ஸை விட்டு ஓய்வு பெற்றுவிட்டார். பஸ்தான் அவரை விடுவதாக இல்லை. அடுப்பு முன்னால்கூடக் காலை அகட்டி ஊன்றித்தான் நிற்பார், தரை எந்த நேரமும் பிரேக் போடும் என்பதுபோல. படியில் யாரைப் பார்த்தாலும் "எங்க?" என்பார். அது குசலம் இல்லை, டிக்கெட் கொடுக்கிற குரல். ஒருமுறை அவசரத்தில் நான் இறங்கும் இடத்தையே சொல்லித் தொலைத்தேன். வீட்டுக்கு நாலு பேர் வந்துவிட்டால், "வழியில நிக்காதீங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு" என்று கூடத்துக்குள் தள்ளுவார். பழைய விசில் இன்னும் கயிற்றோடு சமையலறை ஆணியில் தொங்குகிறது.

அவருக்கு ஒரே அண்ணன். மர அறுவை மில்லில் காலமெல்லாம் தூளைச் சுவாசித்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். மனைவி போனபிறகு தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். படுத்தால் அவருக்கு மூச்சு ஓடாது. பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால்தான் கொஞ்சம் சீராக வரும். எதிரே இருக்கும் தையல் கடையையும் பஸ் நிறுத்தத்தையும் பார்த்துக்கொண்டு, தையல்காரர் யாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார், யார் பஸ்ஸை விட்டுவிட்டு ஓடினார்கள் என்று தங்கைக்குச் சேதி சொல்வார். அவருக்கு மிச்சம் இருக்கும் வெளியுலகம் அவ்வளவுதான்.

கீழேயிருந்து டிரைவரின் சிகரெட் புகை வந்ததும் அதுவும் போயிற்று. ஒரு இழுப்பு உள்ளே போனால் இருமல் பிடித்துக்கொள்ளும். உதடு நீலம் பாயும். அக்கா இன்ஹேலரைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். கதவைச் சாத்தினாலோ அவருக்கு அடைக்கும். அதனால்தான் போர்வை. புகை பாதி நின்றது, தெரு முழுசாக மறைந்தது. "சேதி என்ன அண்ணா?" என்று கேட்டால், "போர்வை சொட்டுது" என்பார். சிரிக்காமல் சொல்வார்.

கீழே போய் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். குடித்துவிட்டு ஏறியவனைச் சட்டையைப் பிடித்து இறக்கிவிட்ட அம்மாள்தானே இவர்! ஆனால் அண்ணன் வாயைக் கட்டிவிட்டார். "நானே உன் வீட்ல ஒண்டிக்கிட்டு இருக்கேன். எனக்காக யார்கிட்டயும் மல்லுக்கு நிக்காதே." உலகத்தில் அக்கா பேச்சைக் கேட்பது அவர் ஒருவர் பேச்சைத்தான். குடியிருப்போர் சங்கத்தில் சொல்லலாமே என்றேன். "பஸ்ல ஒருத்தன் பத்த வெச்சா டிப்போவுக்கா எழுதிப் போடுவேன்? அங்கயே எறக்கி விட்ருவேன். இங்க எங்க எறக்கறது? அவன் வீட்ல அவன் நிக்கறான்."

டிரைவரும் கெட்டவர் இல்லை. உள்ளே கைக்குழந்தை இருக்கிறது என்றுதான் பால்கனிக்கு வந்து பிடிக்கிறார். புகை மேலே போகும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. தலையில் தண்ணீர் சொட்டியபோதும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் மாலை, வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே, கீழே ஒரு குடை விரிந்தது. குடைக்குள்ளிருந்து புகை கிளம்பியது. அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தீங்களா திமிரை! குடை புடிச்சிக்கிட்டுப் புடிக்கறான்!" எனக்கும் அப்படித்தான் பட்டது. இப்படியும் ஒரு ஜென்மமா என்று இரண்டு பேரும் சேர்ந்து வறுத்தெடுத்தோம்.

மறுவாரம் டிரைவர் படியேறி வந்தார். கையில் சுருட்டிய ரப்பர் விரிப்பு. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பாப்பாவுக்கு வாங்கினது, ஒண்ணு கூடுதலா இருக்கு. அய்யாவுக்குப் போர்வைக்கு அடியில விரிச்சீங்கன்னா, தினம் நீங்க தொவைக்க வேணாம் பாருங்க" என்றார்.

அக்காவுக்கு ஒரு நிமிடம் ஓடவில்லை. ஓடியதும் மாடிப்படி முழுக்க எதிரொலித்தது: "எங்கண்ணனுக்கு மூச்சுதாம்ப்பா தகராறு! படுக்கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு!"

பாவம், அந்த மனிதர் இத்தனை நாளும் கிழவர் படுக்கையை நனைக்கிறார் என்று நினைத்திருக்கிறார். சொட்டுகிற தண்ணீரைப் பற்றிக் கேட்டால் மேல்வீட்டார் மனம் புண்படும் என்று மனைவி தடுத்திருக்கிறாள். அதற்குத்தான் குடை. மரியாதைக் குடை!

உள்ளே அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை. சிரிப்பு இருமலாக மாறியது, இருமல் நிற்கவில்லை. அக்கா ஓடினார். டிரைவர் வாசலிலேயே நின்று, நாற்காலியில் மடங்கி மடங்கி எழும் உடம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் பொகையாலயா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அன்றிலிருந்து அவர் வெளி கேட்டுக்கு அப்பால் போய்ப் பிடிக்கிறார். போர்வை கட்டிலுக்குத் திரும்பிவிட்டது. ஆனாலும் டிரைவருக்குப் பழகிய கை. சில மாலைகளில் மறந்துபோய்ப் பால்கனியிலேயே பற்றவைத்துவிடுவார். அதற்கும் அவரே வழி சொன்னார். "ஒரு விசில் குடுங்கக்கா. விசில் கேட்டா என் காலு தானா பிரேக்குக்குப் போகும்." ஆணியிலிருந்து விசில் இறங்கியது. அக்கா ஒரே ஒரு ஊது ஊதுவார், கீழே சிகரெட் அணையும், "சாரிக்கா!" என்று சத்தம் வரும். அக்கா முகத்தில் அப்போது பழைய களை வந்துவிடும்.

நேற்று மாலை நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஒரு இழை புகை எழும்பியது. அக்கா விசிலை எடுத்தார். அண்ணன் கையை நீட்டினார். "இன்னைக்கு நான் ஊதறேன், குடு."

அக்கா புடவைத் தலைப்பில் துடைத்துக் கொடுத்தார். அண்ணன் இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி ஊதினார். காற்றுதான் வந்தது. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. புகை அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவர் விசிலை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.

அக்கா சத்தமில்லாமல் அவருக்குப் பின்பக்கமாகப் பால்கனியின் அந்தக் கோடிக்குப் போனார். கொடியிலிருந்து ஒரு கிளிப்பைக் கழற்றிக் கீழே போட்டார். அண்ணாந்து பார்த்த டிரைவருக்கு உள்ளங்கையை விரித்துக் காட்டி, வாயில் விரலை வைத்தார்.

புகை நின்றது.

"கேட்டுடுச்சு போலருக்கே" என்றார் அண்ணன்.

"கேக்காம?" என்று சொல்லிக்கொண்டே, மடியில் கிடந்த விசிலை எடுத்து, கயிற்றை அண்ணன் கழுத்தில் மாட்டிவிட்டார் கண்டக்டரக்கா.