ஹில்க்கா ஓட்டிய வேன்

அக்டோபரில் அண்ணன் எய்னோ இறந்ததிலிருந்து ஹில்க்கா அழவே இல்லை. விறகு பிளந்துகொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். அடக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். மறுநாளே சலவைக்கூடத்தில் வேலைக்கும் போய்விட்டாள். கல்நெஞ்சுக்காரி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது காதில் விழுந்தபோதும் அவளுக்கு உறைக்கவில்லை.

ஜனவரியில் பக்கத்து வீட்டுக் கலெர்வோ வந்து நின்றார்.

"இந்த வருஷம் கார் ரேலிக்குப் போறோமா, இல்லையா?"

"நீங்க போங்கண்ணே."

"கண்ணுல புரைய வச்சுக்கிட்டு வேன் ஓட்டினா மரத்துலதான் போய் நிப்பேன். வா, வா."

இருபத்துமூன்று குளிர்காலமாக எய்னோவும் கலெர்வோவும் பின்னால் உட்கார்ந்து குடிக்க, வேனை ஓட்டியது ஹில்க்காதான். மறுக்கத் தெம்பில்லாமல் சாவியை எடுத்தாள்.

வழி நெடுகக் கலெர்வோதான் பேசினார். அவள் 'ம்' கொட்டினாள்.

காட்டுக்குள் ஒரு வளைவில் போய் நின்றார்கள். குளிர் மைனஸ் இருபத்துநான்கு டிகிரி. ஆட்கள் தீமூட்டி சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தார்கள். கார்கள் ஒவ்வொன்றாகச் சீறிவந்து முகத்தில் பனித்தூளை வாரியடித்துவிட்டுப் போயின. ஏழாவது கார் வேகத்தை அடக்க முடியாமல், கண்ணாடிவரை பனிமேட்டுக்குள் புதைந்தது.

எல்லோரும் ஓடினார்கள். ஹில்க்காவும் ஓடினாள்.

"பின்னாடி பிடிங்க! ஒண்ணா இழுங்க!" உள்ளிருந்து ஹெல்மெட் மாட்டிய பெண் கத்தினாள்.

சக்கரம் சுழன்று வாயெல்லாம் பனி. நான்காவது இழுப்பில் கார் விடுபட்டு ஓடியது. கூட்டம் ஆரவாரித்தது.

"அடியே, கையைப் பாரு!" என்றார் கலெர்வோ.

கையுறையைக் காணோம். உள்ளங்கை கிழிந்து ரத்தம் சொட்டியது. யாருடைய கையோ என்பதுபோல் அவள் பார்த்தாள்.

"வலிக்கலையா?"

"இல்ல."

வேனுக்குள் கூட்டிவந்து ஹீட்டரைப் போட்டார். சூடு ஏற ஏற வலி தெரிந்தது. ஹில்க்கா பல்லைக் கடித்தாள்.

"அழுதுடும்மா."

"அழுகை வரலண்ணே." பிறகு அவளாகவே சொன்னாள்: "எய்னோவைச் சட்டையைப் பிடிச்சு வீட்டுக்குள்ள இழுத்துட்டு வந்தேன். வாசப்படியில ஒரு பூட்ஸ் கழண்டுக்கிச்சு. முதல்ல அதை மாட்டிவிட்டேன். அப்புறந்தான் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினேன்."

"எதுக்கு மாட்டின?"

"கால் குளிருமேன்னு."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகும் நெஞ்சில் எதுவும் அசையவில்லை. வாய் மட்டும் காய்ந்திருந்தது.

ரேலியின் அடுத்த கட்டத்தை அவர்கள் பார்க்கவில்லை. பக்கத்து ஊரில் கைக்கு நான்கு தையல் போட்டார்கள். ஒரு வாரம் ஓய்வெடுக்கச் சொன்னார் டாக்டர். சரி என்று தலையாட்டிவிட்டு, தையல் போட்ட இடது கையை மடியில் வைத்தபடி வேனை ஓட்டினாள். ரேடியோவில் முடிவுகள் வாசித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு முப்பத்தோராவது இடம்.

"நாம இழுக்கலேன்னா அதுவும் இல்ல," என்றார் கலெர்வோ.

"ம்," என்றாள் ஹில்க்கா.