பிள்ளையின் அறையில் ஐந்து பாகை

எங்கள் வீடு எவ்வளவு சூட்டை இழக்கிறது என்று பார்க்க, நேற்று மகளின் அறையில் ஒரு வெப்பமானியும் பால்கனியில் இன்னொன்றும் வைத்தேன். இரண்டின் அளவும் கைப்பேசியில் கோடுகளாக வரும். ஏழு மாதப் பிள்ளை உறங்கும் அறை; சுவரைத் தொட்டால் விரல் சில்லிடுகிறது.

இன்று வேலை முடிந்து பஸ்ஸில் ஏறியதும் பார்த்தேன். வெளியே பூச்சியம் பாகை. அறை இருபதிலிருந்து ஐந்துக்கு விழுந்திருந்தது.

கணவருக்கு லீவு, பிள்ளையோடு வீட்டில். அழைத்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் இல்லை. யன்னல் திறந்து கிடக்கிறதா? அவர் மயங்கி விழுந்து, பிள்ளை குளிரில் தனியே கிடக்கிறாளா?

பஸ் தரிப்பிடத்திலிருந்து ஓடினேன். அவசரத்தில் முதலில் வேறு சாவியைப் பூட்டுக்குள் விட்டேன்.

உள்ளே, அவர் நெஞ்சில் பிள்ளை வியர்த்து உறங்கிக்கொண்டிருந்தாள்.

"போன் எடுக்கேலாதோ? அறைக்குள்ள இருந்த வெப்பமானி எங்க?"

"மெதுவாக் கதையுமப்பா, இப்பத்தான் கண்ணயர்ந்தவள். போனைச் சத்தமில்லாம வச்சனான். வெப்பமானி ஃபிரிட்ஜுக்குள்ள."

"ஃபிரிட்ஜுக்குள்ளயோ?"

"நான் வேலை செய்யிற ஹோட்டல் கிச்சின்ல ஒவ்வொரு ஃபிரிட்ஜுக்குள்ளயும் ஒண்டு இருக்கும். பிள்ளையின்ர பால் சரியான குளிர்ல இருக்கோ எண்டு பார்த்தனான். ஐஞ்சு. நல்ல ஃபிரிட்ஜ்!"

இப்போது வெப்பமானி மறுபடி அறையில். ஏறிய கோடு, இரவானதும் ஹீட்டர் போட்டும் இறங்குகிறது. ஃபிரிட்ஜுக்குள் ஐந்தைத் தொட்டபின் அது அசையவே இல்லை.

தொட்டிலை எங்கள் அறைக்கு இழுத்துவிட்டேன். எழுந்து எழுந்து அவள் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறேன்.

இந்த வீட்டில் உள்ளே இருப்பதை உள்ளேயே வைத்திருக்க ஃபிரிட்ஜுக்கு மட்டும்தான் தெரியும் போல. உங்கள் வீட்டுச் சுவர்கள் எப்படி?