மெயின் இறக்கிய மத்தியானம்

சீசன் நேரம் பார்த்து ஆபீஸ் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. புதிதாக ஒன்றை வைத்துவிட்டுப் போன ஆள், சி டிரைவில் யாரும் கைவைக்க முடியாதபடி பூட்டிவிட்டுப் போய்விட்டார். பட்டாசுப் பெட்டிகளுக்குப் பார்கோடு லேபிள் அடிக்க நான் எழுதி வைத்திருந்த பைத்தான் புரோகிராம் ஓட, பேக்கேஜ் என்கிற துணை ஃபைல்களின் தொகுப்பு ஒன்று வேண்டும். அதை டி டிரைவில் தனி ஃபோல்டர் ஒன்றில்தான் போட முடியும். லேபிள் ஒட்டாமல் லோடு கிளம்பாது. லோடு கிளம்பாமல் நான் கிளம்ப முடியாது. அன்றைக்கு விருதுநகரில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். உள்ளே கொண்டுபோவதற்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

பேக்கேஜ் கம்ப்யூட்டரில் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஆனைக்குட்டம் பக்கம் வானம் உறுமியது. இடி கேட்டால் எங்கள் போர்மேன் யாரையும் கேட்பதில்லை, மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார்; வெடிமருந்து இருக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். ஷெட்டுகளில் இருப்பவர்கள் போட்டது போட்டபடி வெளியே வந்துவிட வேண்டும். யுபிஎஸ் பேட்டரியோ போய் மாதக்கணக்காகிறது. திரை அணைந்தது.

"அண்ணே, ரெண்டு நிமிசம் பொறுத்திருக்கக் கூடாதா?"

"இடி பொறுக்குமா தாயி? மொதல்ல வெளிய வாங்க."

கரண்ட் வந்ததும் மறுபடி அதே கட்டளையைக் கொடுத்தேன். ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கிறது என்று மஞ்சளில் ஒரு வரி வந்தது. இருந்தால் நல்லதுதானே என்று புரோகிராமை ஓட்டினேன். பிழை. ஃபோல்டரின் பாதையைத் தப்பாகக் கொடுத்துவிட்டேனோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. லாரி டிரைவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அழலாம் போலிருந்தது, அதற்கும் தெம்பில்லை. கடைசியில் ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே பாதி ஃபைல்கள்தான் இருந்தன. அரைகுறையாக நின்றதை முழுசு என்று நம்பி, அதைத் தொடாமல் விட்டிருக்கிறது சனியன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். லேபிள் வந்தது, லோடு கிளம்பியது.

நான் ஏறிய பஸ் ஆமத்தூர் தாண்டும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்து, கண்ணில் கட்டோடு படுத்திருந்தாள் அம்மா. எங்கள் கம்பெனியிலேயே பட்டாசுக்கு மருந்து செலுத்தும் ஷெட்டில் வேலை பார்த்தவள். ஏன் நேரத்துக்கு வரவில்லை என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

"இடி இடிச்சுச்சே, மெயின எறக்குனாகளா?"

"எறக்குனாக. ஒரு வார்த்தை சொல்லாம எறக்கிட்டாக."

"நல்லாருக்கட்டும்" என்று என் கையைத் தடவித் தேடிப் பிடித்தாள். "உள்ள கொண்டுபோகையில அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

பஸ் முழுக்கப் போர்மேனைத் திட்டிக்கொண்டே வந்த நான், அந்தக் கையை விடாமல் உட்கார்ந்திருந்தேன்.