செருப்புக் கூடை

“செருப்பக் கழட்டி இந்தக் கூடையில போடுங்க. சாயங்காலந்தான் திருப்பித் தருவேன்.”

ஸ்ரீரங்கத்தில் வேனில் ஏறுகிறவர்களுக்கு பஸீலா சொல்லும் வணக்கம் இதுதான். பாலக்கரைக்காரர். வேனும் அவருடையது, ஓட்டுவதும் அவரே. ரங்கநாதர், மலைக்கோட்டை, நத்தர்வலி தர்கா, கடைசியாகத் திருவெள்ளறையில் ஆயிரம் வருஷத்துக்கும் பழைய நாலு மூலைக் கேணி. எல்லாம் ஒரே நாளில். இறங்கும் இடமெல்லாம் செருப்பைக் கழற்றும் இடம் என்பதால் இப்படி ஓர் ஏற்பாடு.

கேணிக்கு எதற்கு வெறுங்கால் என்று கேட்டேன். “வெட்டுனவன் பூட்ஸ் போட்டுக்கிட்டா வெட்டுனான்?” என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மலைக்கோட்டைப் படியிலேயே எனக்குக் கால் கொப்பளித்துவிட்டது. அந்த அம்மாளோ வெயிலில் வெறுங்காலோடு முன்னால் போய்க்கொண்டே இருக்கிறார்.

இந்த வேனுக்கு ஆள் பிடித்து அனுப்புவது ஸ்ரீரங்கத்தில் டிராவல்ஸ் நடத்தும் அன்புச்செல்வன். அவருக்கு தர்காவும் வேண்டாம், கேணியும் வேண்டாம். கோயில் பார்க்க வந்தவர்களைப் பாழுங்கிணற்றுக்கு இழுத்துப் போகிறாய் என்று தினமும் சண்டை. அந்த நேரத்தில் சமயபுரம் சாலையில் தமக்கு வேண்டிய சேலைக்கடைக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார்.

“கடை அவங்க ஊர்ல இல்லையா? ஊரப் பாக்க வந்தவங்களுக்கு ஊரத்தான் காட்டுவேன்.” பேச்சு அதோடு சரி. அன்புச்செல்வன் ஆள் அனுப்பாவிட்டால் வேன் வீட்டு வாசலில்தான் நிற்கும் என்பது பஸீலாவுக்கும் தெரியும். இந்த வீம்பு எனக்குப் பிடித்திருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

நான் போன அன்று ஈரோட்டிலிருந்து மலர்க்கொடி என்பவரின் குடும்பம் வந்திருந்தது. கால் சுடுகிறது என்று காலையிலிருந்து அவர் முனகாத இடமில்லை. நம்பர் ஒன் டோல்கேட்டில் வண்டி நின்றது. நேரே போனால் சமயபுரம், திரும்பினால் துறையூர் சாலை, திருவெள்ளறை. அந்நேரம் பார்த்து அன்புச்செல்வனின் போன். பஸீலா ஸ்பீக்கரில் போட்டார்.

“அக்கா, இன்னிக்கும் கெணத்துக்குப் போனீங்கன்னா நாளையிலேருந்து ஒரு பார்ட்டியும் அனுப்ப மாட்டேன். கடைசியாச் சொல்றேன்.”

வேனில் எல்லோரும் கேட்டார்கள். மலர்க்கொடிகூடக் காலைத் தடவுவதை விட்டு நிமிர்ந்தார். பஸீலாவின் முகம் ஒரு கணம் வாடியது, எனக்குத் தெரிந்தது. போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. அதை அப்படியே எடுத்துப் பக்கத்திலிருந்த செருப்புக் கூடைக்குள் போட்டுவிட்டு, வண்டியைத் துறையூர் சாலையில் திருப்பினார்.